ஈரத்துக்குக் கழிவு

ஹட்டன். திங்கள், ஒன்பதேகால்.
பேக்கரிக்கு மேல்மாடி; கீழே பாண் வேகும் சூட்டில்
இந்த ஊரிலேயே குளிராத ஒரே தரை எங்களுடையது.
ஐந்து பேர், ஒரு பலகை, மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.
அடுத்த இரண்டு கிழமையை
பதினொன்றுக்குள் கூறுபோட்டாக வேண்டும்.

முதல் தாள்:
மருந்துச் சீட்டைப் படமெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வசதி.
எண் அட்டைகளைக் கவிழ்த்துப் பிடித்தோம்.
ஒன்று, இரண்டு, புரட்டு.
டிலுக்ஷன் மூன்று. நான் ஐந்து. லசந்தவும் கோகுலவாணியும் ஐந்து.
பஸ்மிலா பதின்மூன்று.

"படம் எடு, அனுப்பு. இதில என்ன இருக்கு?"
டிலுக்ஷன் சிரித்தான்.
அவள் சிரிக்காமல் ஜன்னலைக் காட்டினாள்.
பனி விலகிய ஒரு துண்டு வெளியில்
எதிர்மலை லயம், கொடியில் ஒரு சிவப்புச் சட்டை,
பொத்தானை எண்ணலாம் போல அவ்வளவு கிட்ட.
"கூப்பிட்டா கேக்கும். நடந்து போய்ப் பாரு.
பாலம் உடைஞ்சிருக்கு, ஆத்தைச் சுத்தி ஒன்றரை மணித்தியாலம்.
சிக்னல் இல்லாத டிவிஷன்ல
நீ எடுத்த படம் எங்க நிக்கும்?"

கொஞ்ச நேரம் பாண் வாசம் மட்டும்.
பிறகு தாளை நான்காகக் கிழித்தோம்.
படம் எடுப்பது. போனிலேயே பத்திரமாய் வைப்பது.
சிக்னல் வந்ததும் அனுப்புவது.
நான்காவதில், 'அங்கே உண்மையில் என்ன நடக்கிறது,
எங்களுக்குத் தெரியாது' என்று எழுதினோம்.
அதற்கு எண் போடவில்லை.
ஒரு நாள் ஒதுக்கினோம், போய்ப் பார்த்துவர.

பத்தரைக்குத் திரையில் கொழும்பு.
ருத்ரகுமார் சேர் நல்ல மனிதர், அவசரக்காரர்.
"போன தடவை முப்பத்தொன்று செஞ்சீங்க.
இந்தத் தடவை நாற்பது வைப்போமா?"
இணைப்பு தடுமாறி அவர் வாய் திறந்தபடி உறைந்தது.
நாற்பது மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

கோகுலவாணி கூட்டங்களில் பேசுவதே இல்லை.
அன்று கேட்டாள்:
"முப்பத்தொன்பது செஞ்சா அரைப்பேரா, சேர்?"

அவருக்கு விளங்கவில்லை.
லசந்தவுக்கு விளங்கியது.
அவன் அப்பா தோட்டத்தில் தராசடியில் நின்று எழுதியவர்.
அவன் பார்வையை மேசையில் வைத்துக்கொண்டான்.

"மலையில ஆளுக்கு இத்தனை கிலோன்னு வைப்பாங்க.
எடுத்தா அடுத்த மாசம் ரெண்டு கிலோ கூடும்.
எடுக்காட்டி அரைநாள் சம்பளம்.
அப்புறம் முத்தல் இலையும் கூடைக்குள்ள போகும், சேர்.
நிறை வரும். தேயிலை வராது.
நாற்பது வேணும்னா இப்பவே தாரேன்.
ஐந்தை எட்டுன்னு எழுதினா முடிஞ்சுது."

திரை அசையவில்லை.
கோளாறு லைனிலா, அவரிலா, தெரியவில்லை.
"அப்ப... முப்பத்தொன்று?"

"இருபத்தாறு," என்றாள் பஸ்மிலா.
புதன் கரண்ட் இல்லை, வியாழன் ஒருவன் மலைக்கு,
இடையில் ஒரு போயா, மழை எச்சரிக்கை வேறு.
லசந்த எழுந்து போய்ப் பலகை ஓரத்தில்
தன் சாய்ந்த தமிழில் எழுதினான்:
ஈரத்துக்குக் கழிவு, ஐந்து.
கோகுலவாணி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
எழுத்துப்பிழை ஒன்றிருந்தது, திருத்தவுமில்லை.

கடைசியில் முடிந்தது இருபத்துநான்கு.
அந்த இரண்டு எங்கே போனதென்று
அரை மணித்தியாலம் பேசினோம், மாலு பணிஸ் தின்றபடி.
யாருக்கும் பேர் குறையவில்லை.

வியாழனைச் சொல்ல மறந்துவிட்டேன்.
எதிர்மலைக்குப் போன டிலுக்ஷன்
இருட்டிய பிறகு வந்தான், முழங்கால் வரை சேறு.
கணுக்காலில் ஓர் அட்டை, ஊதிப்போய்.
கையில் ஓர் அட்டை: எட்டு.
முதலாவதற்கு உப்புப் போட்டோம்.
மற்றதைப் பலகையில் ஒட்டினோம்.